கண் எரிச்சல்: சொட்டு மருந்து போட்டால் குறைகிறது, விட்டால் திரும்புகிறதே, ஏன்?

கேள்வி: எனக்கு 44 வயது. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க கம்ப்யூட்டர், தலைக்கு நேர் மேலே ஏசி. நாலைந்து மாதமாகக் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல், எரிச்சல். சாயங்காலம் ஆனால் சிவந்துவிடுகிறது, சில நேரம் தாரையாகத் தண்ணீர் கொட்டுகிறது. மகனுக்கு மெட்ராஸ் ஐ வந்தபோது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து மிச்சம் இருந்தது. அதைப் போட்டேன், இரண்டே நாளில் சரியானது. விட்டதும் மறுபடி வந்தது. இப்போது அவ்வப்போது அதையே வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். உடல் சூடுதான் காரணம், விளக்கெண்ணெய் விடு என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?

பதில்: விளக்கெண்ணெய்க்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த மருந்து பாட்டிலைக் கையில் எடுத்து, பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பெயர்களைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தோலோன், லோட்டிபிரட்னால், டைஃப்ளூபிரட்னேட், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் நீங்கள் போட்டுக்கொண்டிருப்பது ஸ்டீராய்டு. கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் சொட்டு மருந்துகளில் பல, ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்தவை. பிராண்ட் பெயரின் வாலில் 'டி' போல ஓர் எழுத்து ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டே நாளில் சரியானது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கும் அந்தச் சந்தேகம்தான் வந்தது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து கிடையாது. கண் டாக்டர்களான நாங்களே தினமும் எழுதிக் கொடுக்கிறோம். அது காரணம் எதுவாக இருந்தாலும் அழற்சியை அடக்கிவிடும். அலர்ஜியோ, வறட்சியோ, கிருமியோ, எல்லாக் கண்ணும் வெளுக்கும், எரிச்சல் குறையும். காரணம் மட்டும் அங்கேயே இருக்கும். அதனால்தான் விட்டதும் திரும்புகிறது. இதற்கிடையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த மருந்தால் கண்ணின் உள் அழுத்தம் ஓரளவு கூடும், சிலருக்கு மிக அதிகமாகக் கூடும். வலிக்காது, பார்வையும் ஆரம்பத்தில் மங்காது. பார்வை நரம்பு தேய்ந்த பிறகு தெரியும்போது, போனது திரும்பி வராது. குளுக்கோமா என்கிறோமே, அந்த நிலை. நீண்ட நாள் போட்டால் புரையும் சீக்கிரம் வரும். கண்ணில் ஹெர்ப்பிஸ் வைரஸோ பூஞ்சையோ இருந்து, அதன் மேல் ஸ்டீராய்டு விட்டால் கருவிழி சில நாளிலேயே பழுதாகலாம்.

நீங்கள் அவ்வப்போது போடுவதால் உடனே நிறுத்திவிடலாம். வாரக்கணக்கில் தினமும் போட்டு வருபவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைப்பது நல்லது. இரண்டு தரப்பும் இந்த வாரமே கண் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். பாட்டிலையும் எடுத்துப் போங்கள். 'ஒரு வெள்ளை மூடி மருந்து' என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது.

இனி உங்கள் எரிச்சலுக்கு வருவோம். கண்ணைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் சாயங்காலம் கூடுவது, மண் உறுத்தல், ஏசி, கம்ப்யூட்டர், வயது எல்லாம் சேர்ந்து உலர் கண்ணைத்தான் காட்டுகின்றன. தண்ணீர் தாரையாகக் கொட்டும்போது எப்படி வறட்சி என்று எல்லோரும் கேட்பார்கள். கண்ணை எப்போதும் நனைத்து வைத்திருக்கும் கண்ணீர் வேறு, உறுத்தல் தாங்காமல் சுரப்பி அவசரமாகக் கொட்டும் கண்ணீர் வேறு. முதலாவது மெல்லிய படலம். அதன் மேலே, குழம்பில் எண்ணெய் மிதப்பது போல, இமை ஓரச் சுரப்பிகள் விடும் எண்ணெய் மிதந்து, நீர் ஆவியாகாமல் காக்கிறது. எண்ணெய் குறைந்தால் படலம் இமைப்பதற்கு முன்பே ஆங்காங்கே கிழிந்து, கருவிழி காற்றில் காயும். அது எரியும்போது சுரப்பி கொட்டுகிற வெறும் நீர் கன்னத்தில் வழியுமே தவிர, கண்ணில் தங்காது.

சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும், இமைப்பதும் அரைகுறையாக இருக்கும். அதற்கு மேல் ஏசி காற்று. உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து ஹார்மோன் மாற்றமும் கண்ணீரைக் குறைக்கும். சளிக்கும் அரிப்புக்கும் செட்டிரிசின் போன்ற மாத்திரை அடிக்கடி போடுகிறீர்களா? அதுவும் கண்ணை உலர்த்தும். இன்னொன்று, 44 வயதில் வெள்ளெழுத்து தொடங்கியிருக்கும். கண்ணாடி இல்லாமல் எக்செல் கட்டங்களை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தச் சொட்டு மருந்தும் முழுசாகக் கைகொடுக்காது. படிக்கும் கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டதாக அர்த்தம் என்று நினைத்துத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம்.

செலவில்லாத வேலைகளை முதலில் செய்யுங்கள். மானிட்டரின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். நிமிர்ந்து பார்த்தால் கண் அகலத் திறந்து அதிகம் காயும். ஏசி காற்று முகத்தில் அடிக்காதபடி தகடைத் திருப்பச் சொல்லுங்கள், முடியாவிட்டால் இடம் மாறி உட்காருங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி இருக்கும் ஒன்றை 20 விநாடி பார்த்து, அப்போது கண்ணை முழுவதும் மூடி மூடித் திறங்கள். ஸ்கூட்டியில் வரும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். இரவில் ஃபேன் காற்று நேராக முகத்தில் படவேண்டாம்.

மருந்து என்று பார்த்தால் செயற்கைக் கண்ணீர் சொட்டு போதும்: கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் 0.5 சதவீதம் அல்லது சோடியம் ஹயலுரோனேட். எரியும்போது மட்டும் விட்டால் பயன் குறைவு. எரிந்தாலும் எரியாவிட்டாலும் தினம் நான்கு வேளை, நான்கைந்து வாரம் விட்டுப் பாருங்கள். நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் தேவைப்பட்டால், பதப்படுத்தும் பொருள் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். வழக்கமான பாட்டில்களில் பலவற்றில் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடே அடிக்கடி பட்டால் கண்ணை உறுத்தும். 'சிவப்பு போக' என்று விற்கும் நாஃபாசொலின் வகைகளைத் தொடவேண்டாம். ரத்தக் குழாயைச் சுருக்கிக் கண்ணை வெளுப்பாக்கும், விட்டதும் முன்னைவிடச் சிவக்கும். எந்த மருந்தானாலும் ஒரு சொட்டு போதும், கண் அதற்கு மேல் கொள்ளாது. இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள். பாட்டில் முனை இமையில் படக்கூடாது. திறந்து ஒரு மாதம் ஆனால், லேபிளில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர, மிச்சம் இருந்தாலும் வீசிவிடுங்கள். ஒருவர் பாட்டிலை இன்னொருவர் பயன்படுத்தக்கூடாது, அதுவும் மெட்ராஸ் ஐ வந்தவருடையதை.

மற்றவர்களுக்கும் உதவும் ஒரு வழி சொல்கிறேன்: எந்த நேரத்தில் தொந்தரவு கூடுகிறது என்று கவனியுங்கள். சாயங்காலம் என்றால் பெரும்பாலும் வறட்சி. காலையில் எழுந்ததும் எரிச்சல் அதிகமாகி, இமை முடியின் அடியில் பொடுகு போல ஒட்டியிருந்தால் இமை ஓர அழற்சி. இதற்குச் சுத்தம்தான் முக்கிய மருந்து. சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். ஆறினால் மறுபடி நனையுங்கள். பிறகு மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் மெல்ல நீவிவிட்டு, நீர்த்த பேபி ஷாம்பூவில் நனைத்த பஞ்சால் இமை ஓரத்தைத் துடையுங்கள். கண்கட்டி அடிக்கடி வருகிறவர்களுக்கும் இது உதவும். மை போடுபவர்கள் சில வாரம் நிறுத்திவைத்தால் நல்லது.

எரிச்சலைவிட அரிப்பு முன்னே நின்றால் அது அலர்ஜி. குழந்தைகளை, குறிப்பாக ஐந்து வயதிலிருந்து பதினைந்து வரை உள்ள பையன்களை, கோடை வந்தால் ஒருவகைக் கடும் அலர்ஜி பிடிக்கும். கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள், நூல் நூலாகப் பீளை வரும், வெளிச்சம் கூசும். இந்தக் குழந்தைகளுக்குத்தான் ஸ்டீராய்டு அதிகம் தவறாகப் போய்ச் சேர்கிறது. ஒருமுறை டாக்டர் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் அதே மருந்தை வாங்கும் பெற்றோர் உண்டு. கண் வெள்ளையாக இருக்கிறது, அதனால் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறார்கள். உள்ளே அழுத்தம் ஏறிப் பார்வை போன பிள்ளைகளைப் பார்ப்பது எனக்கு இன்றும் பழகவில்லை. ஓலோபட்டடின், கீட்டோடிஃபென் போன்ற அலர்ஜிச் சொட்டுகள் ஸ்டீராய்டு அளவுக்கு வீரியம் இல்லாதவை, ஆனால் நீண்ட நாள் போடப் பாதுகாப்பானவை. குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். தேய்ப்பதை நிறுத்த வையுங்கள். பல வருடம் அழுத்தித் தேய்த்த கண்ணில் கருவிழி கூம்பிப் போவதற்கான ஆபத்து கூடுகிறது.

மகனுக்கு வந்த மெட்ராஸ் ஐ அனேகமாக வைரஸால் வருவது. ஒன்று முதல் இரண்டு வாரத்தில் தானாகத் தணியும், ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லாது. ஒட்டும் கையும் துண்டும் தலையணையும்தான் பரப்பும், பார்த்தால் பரவாது. கறுப்புக் கண்ணாடி போடுவது அவனுக்குக் கூச்சம் குறைய, மற்றவர்களைக் காக்க இல்லை. மஞ்சளும் பச்சையுமாய்ச் சீழ் வடிந்து இமை ஒட்டினால் பாக்டீரியாவாக இருக்கலாம், அப்போது டாக்டர் ஆன்டிபயாட்டிக் தருவார்.

இப்போது விளக்கெண்ணெய். உடல் சூடு என்று வீட்டில் சொல்வது வெயில், தூக்கமின்மை, தண்ணீர் குறைவாகக் குடிப்பது எல்லாவற்றையும் சேர்த்து. அவற்றைச் சரிசெய்தால் கண்ணுக்கும் நல்லதுதான், அந்த அளவில் உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை உண்டு. எண்ணெயைக் கண்ணுக்குள் விடுவது வேண்டாம். சமையலுக்கோ தலைக்கோ விற்கும் எண்ணெய் கிருமி நீக்கியது கிடையாது. தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைப் பூச்சாறு, ரோஸ் வாட்டர், எலுமிச்சை எல்லாவற்றுக்கும் இதுவே பதில். தலைக்குத் தேய்த்துக் குளிப்பதை யாரும் தடுக்கவில்லை.

இதைவிட ஒரு விஷயத்தைக் கட்டாயம் வீட்டில் சொல்லி வையுங்கள். வெற்றிலைக்கு விற்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அழுத்திப் பிதுக்கினால் கண்ணில் பீய்ச்சியடிக்கும். சுண்ணாம்பு அமிலத்தைவிட ஆழமாக ஊடுருவிக் கருவிழியை வெந்துபோக வைக்கும். ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன், குழாய்த் தண்ணீரோ பாட்டில் தண்ணீரோ, இமையை விலக்கி இடைவிடாமல் இருபது முப்பது நிமிடம் கழுவுங்கள். கட்டியாகத் தெரிந்தால் ஈரப் பஞ்சால் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு ஓடுங்கள்.

கண் எரிச்சல் என்று வீட்டில் உட்காரக்கூடாத சில நிலைகளும் உண்டு. பார்வை மங்கினால், உறுத்தல் தாண்டி வலி எடுத்தால், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாவிட்டால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், கான்டாக்ட் லென்ஸ் போடுபவருக்குக் கண் சிவந்தால், அன்றே டாக்டரிடம். வயலில் நெல் தாளோ இலையோ கண்ணில் குத்தியவர்கள் தாமதிக்கவே கூடாது. தென்னிந்தியாவில் கருவிழிப் புண்களில் ஏறத்தாழ பாதிக்குப் பூஞ்சைதான் காரணம், அது அப்படித்தான் உள்ளே நுழைகிறது. அதற்கு நாட்டமைசின் போன்ற பூஞ்சை மருந்தை மணிக்கு ஒருமுறை விட வேண்டியிருக்கும். தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையத்தோடு கண் சிவந்தால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். திடீர் குளுக்கோமா அப்படி வரும், வயிற்றுக் கோளாறு என்று சோடா குடித்துக் காத்திருப்பவர்கள் பார்வையை இழக்கிறார்கள். பட்டறையில் இரும்புத் தூள் பட்டால் சக தொழிலாளி குச்சியால் எடுப்பதை அனுமதிக்காதீர்கள். வெல்டிங் வெளிச்சம் அடித்த கண் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், வெடிப்பது போல் வலிக்கும், ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். அந்த வலிக்கு மரத்துப்போகும் சொட்டு மருந்தை வீட்டுக்கு வாங்கி வந்து போட்டால் கருவிழி ஆறாமல் கெடும்.

நீங்கள் போகும்போது அழுத்தம், கருவிழியில் சாயம் விட்டுப் பார்க்கும் சோதனை, கண்ணீர் சுரப்பு அளக்கும் காகிதப் பட்டை, படிக்கும் கண்ணாடிக்கான பவர், இந்த நான்கையும் கேட்டு வாங்குங்கள். ஐந்தாறு வாரம் ஒழுங்காகச் செய்தும் எரிச்சல் மாறாவிட்டால் சைக்லோஸ்போரின் சொட்டு, கண்ணீர் வடியும் சிறு துளையை அடைக்கும் செருகி என்று அடுத்த படிகள் உண்டு. வாயும் வறண்டு, விரல் மூட்டும் வலித்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். உடலின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர், எச்சில் சுரப்பிகளைத் தாக்கும் ஸ்யோக்ரென் நோயா என்று ரத்தப் பரிசோதனை செய்து, வாத நோய் நிபுணரிடம் அனுப்ப வேண்டியிருக்கலாம்.