பீரோவுக்குள் ஒரு ரவுட்டர்

கேள்வி: எங்கள் ஆண்கள் விடுதியில் மாணவர்கள் சொந்தமாக வைஃபை ரவுட்டர் வாங்கி அறைக்குள் ஒளித்து வைக்கிறார்கள். திடீர்ச் சோதனை போட்டு ஒன்பதைப் பறிமுதல் செய்தேன். ஒன்று பீரோவில் வேட்டிக்கு அடியில் இருந்தது. அடுத்த மாதமே மறுபடி முளைத்துவிட்டன. போன வாரம் இரண்டாம் மாடி முழுவதும் இரண்டு நாள் இணையம் படுத்துவிட்டது. வைஃபை சிக்னலையே முடக்கும் ஜாமர் வைத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்கிறார். வைக்கலாமா? – விடுதிக் காப்பாளர், ஈரோடு

பதில்: ஜாமர் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள், ஐயா. அரசின் அனுமதியில்லாமல் அதைப் பயன்படுத்துவது நம் நாட்டில் சட்டவிரோதம். வழக்கு வந்தால் மாணவன் மேல் வராது, உங்கள் மேல்தான் வரும். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு மாரியட் ஹோட்டல், விருந்தினர்களின் சொந்த ஹாட்ஸ்பாட் இணைப்புகளை அறுத்துக்கொண்டே இருந்தது. ஜாமர்கூட இல்லை, மென்பொருள் வழியாகத்தான். 2014இல் அந்த நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு அந்நிறுவனம் 6 லட்சம் டாலர் கட்டும்படி ஆயிற்று.

இரண்டாம் மாடிக்கு வருவோம். அங்கே என்ன நடந்திருக்கும் என்பதை இங்கிருந்தே ஓரளவு ஊகிக்க முடிகிறது. கோவையில் ஒரு கல்லூரி விடுதியில் இதே நோய்க்கு நான் ஓர் இரவு முழுவதும் மடிக்கணினியும் கையுமாக வராந்தாவில் அலைந்திருக்கிறேன்.

ரவுட்டரின் பின்பக்கம் இணையம் உள்ளே வருவதற்கென்று ஒரு துளை தனியாக இருக்கும். பையன் அவசரத்தில் சுவரிலிருந்து வரும் கேபிளை அதில் செருகாமல் பக்கத்துத் துளையில் செருகிவிடுவான். வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ஐபி முகவரி என்ற ஓர் எண் வேண்டும்; அதை விடுதியின் சர்வர்தான் கொடுக்க வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து அவனுடைய ரவுட்டர் மாடி முழுவதற்கும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். மெஸ் வாசலில் எவனோ ஒருவன் நாற்காலி போட்டு உட்கார்ந்து தானே அச்சடித்த டோக்கனைக் கொடுப்பது போல. டோக்கன் கையில் இருக்கும், சோறு வராது. விடுதியின் சர்வர் பதில் சொல்வதற்குள் பக்கத்து அறை ரவுட்டர் முந்திக்கொள்கிறது. சிலருக்குச் சரியான முகவரி கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது. அதனால்தான் "எனக்கு வருகிறதே, உனக்கு ஏன் வரவில்லை?" என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

இணையம் வராத கணினியில் ஐபி முகவரியைப் பாருங்கள். 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்கி, உங்கள் விடுதி வலையமைப்பு அந்த எண்களில் ஓடவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். அந்தக் கணினியில் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், என்று காட்டுவது அந்தத் திருட்டு ரவுட்டர்தான். அதன் மேக் முகவரியை, அதாவது கருவிக்கே உரிய அடையாள எண்ணை, குறித்துக்கொண்டு, அறைக் கேபிள்களெல்லாம் வந்து சேரும் பெட்டியான ஸ்விட்ச்சின் பட்டியலில் அது எந்தப் போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) தெரிகிறது என்று தேடச் சொல்லுங்கள். போர்ட் தெரிந்தால் அறை தெரியும். எந்தப் போர்ட் எந்த அறைக்குப் போகிறது என்று நோட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அந்த நோட்டு இல்லை. ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிவிட்டு, எந்த அறையிலிருந்து கூச்சல் வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

இது மறுபடி நடக்காமலிருக்க ஸ்விட்ச்சிலேயே வழி உண்டு. டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்பார்கள். சர்வர் இருக்கும் பக்கத்துப் போர்ட் மட்டுமே முகவரி கொடுக்கலாம், அறைப் போர்ட் எதுவும் கொடுக்கக் கூடாது என்று கட்டிவைத்துவிடலாம். நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச் என்றால் பெரும்பாலும் இந்த வசதி இருக்கும். மலிவான ஸ்விட்ச் வாங்கியிருந்தால், அந்த மிச்சத்துக்கு இப்போது வட்டி கட்டுகிறீர்கள்.

அந்த ஒன்பது ரவுட்டர்களும் எந்தெந்த அறைகளில் கிடைத்தன? விடுதியின் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். நான் வைத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் வராந்தாவின் கடைசியில், குளியலறைப் பக்கத்து அறைகளில் விழுந்தன. விடுதியின் வைஃபையைப் பரப்பும் பெட்டியான ஆக்சஸ் பாயின்ட் மாடிப்படிக்கு மேலே இருந்தது. நடுவே கான்கிரீட், தண்ணீர்க் குழாய், ஓடு பதித்த சுவர், ஒவ்வொரு அறையிலும் இரும்பு பீரோ. நேர்காணலைக் கணினியில் கொடுக்க வேண்டிய கடைசி வருடப் பையன் என்ன செய்வான்? கூரையைப் பார்த்துக்கொண்டா இருப்பான்? கடைசியில் ஒன்று, நடுவில் ஒன்று என்று இரண்டு ஆக்சஸ் பாயின்ட் போட்டோம். அதன்பின் பறிமுதல் செய்யவே அதிகம் அகப்படவில்லை.

ஆக்சஸ் பாயின்ட் போடும்போது வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய மூன்று சானல்களை மாற்றி மாற்றி வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை இவைதாம். எல்லாவற்றையும் 6இல் வைத்துவிட்டு மாணவர்களைத் திட்டுகிற விடுதிகளையும் பார்த்திருக்கிறேன்.

கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடக்கும் ரவுட்டர் அகப்பட்டால் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். 2008இல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் பாதுகாப்பில்லாத வைஃபை வழியாகப் போயிருந்தது. போலீஸ் அவர் வீட்டுக்குத்தான் வந்தது. உங்கள் விடுதியிலிருந்து அப்படி ஏதாவது போனால் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

கேள்வி: போனில் ஹாட்ஸ்பாட் போட்டால்கூட எங்கள் வார்டன் திட்டுகிறார். அதுவும் ரவுட்டரும் ஒன்றா, ஐயா? – மாணவி, திருநெல்வேலி

பதில்: ஒன்றில்லையம்மா. ஹாட்ஸ்பாட்டில் ஓடுவது நீங்கள் காசு கட்டிய டேட்டா. விடுதியின் கேபிளை அது தொடுவதில்லை. காற்றில் கொஞ்சம் இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். போனில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதில் போடுங்கள், வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். ஆனால் அதற்குக் கல்லூரி வைஃபையின் பெயரையே விளையாட்டுக்கும் வைக்காதீர்கள். பெயரை நம்பி ஒருத்தி இணைந்து கல்லூரிக் கடவுச்சொல்லைத் தட்டப்போனால் அது விளையாட்டாக இருக்காது. "வார்டன் வீடு" என்று வைத்தவர்களும் உண்டு. அதில் தொழில்நுட்பக் குற்றம் எதுவும் இல்லை.

கேள்வி: விடுதியில் இருக்கும் மகன் ரவுட்டர் வாங்க 1,500 ரூபாய் கேட்கிறான். படிப்புக்கு என்கிறான். கொடுக்கலாமா? – ஒரு தகப்பனார், கரூர்

பதில்: அறைச் சுவரில் இணையத் துளை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஐந்து மீட்டர் கேபிள் வாங்கிக் கொடுங்கள். மடிக்கணினியில் செருக இடமில்லை என்றால் யூஎஸ்பி அடாப்டரும் சேர்த்து. மேசையில் உட்கார்ந்து படிக்க அது தாராளமாகப் போதும், வைஃபையைவிட வேகமாகவும் இருக்கும். கட்டிலில் படுத்துக்கொண்டு போன் பார்க்கத்தான் ரவுட்டர் வேண்டும்.