அடகுக்கடையில் படுக்கை விரிப்புகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சார், நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தோழி ஒருத்தி பென்டிரைவில் தந்த ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ பார்த்து அழுதுவிட்டேன். ஆனால் அந்த ஊரில் ஏன் அத்தனை பேருக்கு வேலை இல்லை, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதெல்லாம் விளங்கவில்லை. பழைய இத்தாலியப் படங்களை எங்கிருந்து தொடங்குவது?
– மாணவி, பாளையங்கோட்டை

பதில்: அழுத கையோடு இப்படி ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறீர்களே அம்மா, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

எண்பதுகளில் நானும் உங்கள் பாளையங்கோட்டையில்தான் வரலாறு படித்தேன். எங்கள் திரைப்படச் சங்கத்துக்குப் புனே ஆவணக் காப்பகத்திலிருந்து 16 மி.மீ. பிரதிகள் தகரப் பெட்டியில் ரயிலேறி ஜங்ஷனுக்கு வரும். புரொஜெக்டர் ஒன்றுதான். ரீல் மாற்றும்போது விளக்கைப் போடுவார்கள். அந்த இடைவெளியில் எங்கள் பேராசிரியர் எழுந்து, அடுத்த ரீலுக்கு வேண்டிய வரலாற்றை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். இத்தாலியை நான் படித்தது அப்படித்தான். இன்றைக்கும் எனக்குத் தெரிந்த நல்ல வழி அதுதான். படம் வெளியான ஆண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் சோறு என்ன விலை, கூலி யார் கையில் இருந்தது என்று தேடுங்கள். இந்தப் படங்கள் அதைப் பற்றித்தான் பேசுகின்றன.

முசோலினி ஆட்சிக்கு வந்தது 1922 அக்டோபரில். சினிமாவின் பலம் அவருக்கு நன்றாகத் தெரியும். 1937 ஏப்ரலில் ரோமில் சினெசிட்டா ஸ்டூடியோவைத் திறந்துவைத்தார். பணக்கார வீட்டில் வெள்ளை டெலிபோனை வைத்துக்கொண்டு காதல் பேசும் படங்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அவற்றுக்கு ‘வெள்ளை டெலிபோன் படங்கள்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. பசித்தவனுக்கு அந்தத் திரையில் இடமில்லை. ஆனாலும் பின்னாளில் பேர் வாங்கிய இயக்குநர்கள் ரோசலினியும் டி சிகாவும் தொழில் பழகியது அந்த ஆட்சியின் கீழ்தான். இதை மறைத்து எழுதும் புத்தகங்களை நம்பாதீர்கள்.

1943 ஜூலை 25ல் முசோலினி பதவி இழந்தார். நேச நாடுகளோடு போர் நிறுத்தம் என்று செப்டம்பர் 8ல் அறிவித்தார்கள். உடனே ஜெர்மன் படை ரோமைப் பிடித்துக்கொண்டது. 1944 மார்ச் 23ல் எதிர்ப்புப் படையினர் குண்டு வைத்து 33 ஜெர்மானியரைக் கொன்றார்கள். மறுநாளே அர்தியாத்தினே குகைகளில் 335 பேரைச் சுட்டுத் தள்ளியது ஜெர்மன் படை. ஜூன் 4ல் நகரம் விடுபட்டது. அடுத்த ஜனவரியில் ரோசலினி ‘ரோம், திறந்த நகரம்’ படத்தை எடுக்கத் தொடங்கும்போது வடக்கே போர் இன்னும் ஓயவில்லை. பிலிம் கிடைப்பது பாடு, மின்சாரம் கிடைப்பது பாடு. சினெசிட்டாவோ அகதிகள் முகாமாக இருந்தது.

அந்தப் படத்தின் தொடக்கத்தில் பெண்கள் ரொட்டிக்கடையைச் சூறையாடுவதைப் பாருங்கள். கணவனாகப் போகிறவனை ஜெர்மானியர் பிடித்துக்கொண்டு போகும் லாரிக்குப் பின்னால் பீனா என்ற பெண் ஓடிச் சுடப்பட்டு விழுவாள். 1944 மார்ச்சில் ரோமில் ராணுவக் குடியிருப்பு வாசலில் தெரேசா குல்லாச்சே என்ற கர்ப்பிணி அப்படித்தான் சுடப்பட்டாள். படம் வெளியானது 1945ல். திரையில் பார்த்த ரோம்வாசிக்கு அது போன வருஷத்துச் சாவு.

அடுத்து ரோசலினியின் ‘பைசா’ (1946). வரலாற்று மாணவிக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆறு கதைகள், நேச நாட்டுப் படை இறங்கிய சிசிலியில் தொடங்கி வடக்கே போ ஆற்றின் கழிமுகம் வரை போகும். பக்கத்தில் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் போரின் போக்கு மனதில் நின்றுவிடும்.

அதற்கப்புறம் உங்கள் சைக்கிள் படத்துக்குத் திரும்பி வாருங்கள். டி சிகா எடுத்த அந்தப் படம் 1948ல் வந்தது. போர் முடிந்து மூன்று ஆண்டு. தொழிற்சாலைகள் முழுதாக எழவில்லை, லிராவின் மதிப்பு சரிந்து கிடக்கிறது, அமெரிக்காவின் மார்ஷல் உதவி அப்போதுதான் வரத் தொடங்குகிறது. அந்த ஏப்ரல் 18 தேர்தலில் இடதுசாரிகள் தோற்றுக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி வென்றது. சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது கதாநாயகன் அந்தோனியோவுக்கு. சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகில். மனைவி மரியா கட்டில் விரிப்புகளை உருவித் துவைத்து அடகுக்கடைக்குக் கொண்டுபோகிறாள். கடைக்காரர் மூட்டையை வாங்கிக்கொண்டு போய் அடுக்கில் வைக்க ஏறுகிறார். ஏறுகிறார், ஏறிக்கொண்டே இருக்கிறார். கூரை வரைக்கும் மூட்டை மூட்டையாக ஊரார் வீட்டு விரிப்புகள்! வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அடுக்கு பேசிவிடுகிறது. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு போன எங்கள் தெருப் பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் காட்சியில் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு உவரி. கடல் தொழில் செய்கிறவர்களைப் பற்றி இத்தாலியில் படம் உண்டா? நம்ம பாட்டைச் சொல்லுமா?
– கல்லூரி மாணவர், உவரி

பதில்: உண்டு தம்பி. ‘லா தெர்ரா திரேமா’, 1948. விஸ்காந்தி எடுத்தது. சிசிலியில் கத்தானியாவுக்குப் பக்கத்தில் ஆச்சி திரெட்சா என்ற மீனவ ஊர். நடித்தவர்கள் எல்லாரும் அந்த ஊர்க்காரர்கள். பேசுவது அவர்களுடைய சிசிலிப் பேச்சு. மற்ற இத்தாலியருக்கே அது புரியாது என்பதால் பின்னணியில் ஒரு குரல் இத்தாலிய மொழியில் கதை சொல்லும். கதைக்கு மூலம் வெர்காவின் 1881ஆம் ஆண்டு நாவல்.

இரவெல்லாம் கடலில் கிடந்து விடியற்காலையில் கரை ஏறினால், விலை வைப்பவன் மொத்த வியாபாரி. நித்தோனி என்ற இளைஞன் இதைப் பொறுக்காமல் தராசைக் கடலில் எறிகிறான். வீட்டை அடமானம் வைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறான். நெத்திலி மலிந்து கிடைக்கிறது. வீடே கூடி உப்புப் போட்டுப் பீப்பாய்களில் அடைக்கிறது. பிறகு ஒரு புயலில் படகு போகிறது. அந்த நெத்திலியை அதே வியாபாரிகள் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். முன்பணம் வாங்கியவன் அந்த வியாபாரிக்கே மீனைப் போட வேண்டிய வழக்கம் நம் கரையிலும் இருக்கிறதே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுப் படத்துக்கு உட்காருங்கள். எந்த விமர்சகரைவிடவும் உங்களுக்கு அது நன்றாகப் புரியும்.

இதற்குத் தேவையான வரலாறு: 1861ல் இத்தாலி ஒரே நாடானது. அதற்குப் பிறகும் தெற்கு ஏழையாகவே கிடந்தது. விஸ்காந்தி மிலானின் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை; கம்யூனிஸ்ட். மீனவர், சுரங்கத் தொழிலாளி, விவசாயி என்று மூன்று பாகமாக எடுக்க நினைத்தார். கடல் மட்டும்தான் முடிந்தது. படம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், நிதானமாகப் போகும். ஒரே இருப்பில் பாருங்கள், கைபேசியில் வேண்டாம்.

கேள்வி: அண்ணாச்சி, என் மகன் விவசாயக் கல்லூரியில் படிக்கிறான். ராத்திரி கண் விழித்துப் பழைய இத்தாலிப் படமாகப் பார்க்கிறான். இதனால் அவன் படிப்புக்கு என்ன பிரயோஜனம்?
– குடும்பத் தலைவி, அம்பாசமுத்திரம்

பதில்: ‘கசப்பு அரிசி’ என்று 1949ல் தி சாந்திஸ் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோடு சேர்ந்து நீங்களும் பாருங்கள் தங்கச்சி. வடக்கே வெர்செல்லி வட்டாரத்தில், போ சமவெளியில், நெல் வயல். பல ஊர்களிலிருந்து பெண்கள் ரயிலேறி நடவுக்கும் களையெடுப்புக்கும் வருவார்கள். முழங்கால் தண்ணீரில் குனிந்தபடி வேலை. வேலை நேரத்தில் பேசக்கூடாது என்பதால் பாட்டாகவே பேசிக்கொள்வார்கள். ஒப்பந்தம் உள்ள பெண்களுக்கும் இல்லாத பெண்களுக்கும் வயலிலேயே சண்டை மூளும். நகைத் திருட்டு, நடனம், காதல் என்று மசாலாவும் உண்டு. அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் காரும் பிசானமும் பார்த்த உங்களுக்கு அந்தப் பெண்களின் இடுப்பு வலி தெரியும். நெல்லைப் பற்றிப் படிக்கிற பிள்ளைக்கு அதை நட்ட கைகளைப் பற்றியும் தெரிய வேண்டும். தேர்வு வாரத்தில் மட்டும் கண் விழிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்த இத்தாலியப் படங்களை நடிக்கத் தெரியாதவர்களை வைத்து எடுத்தார்களாமே, உண்மையா?
– வாசகர், வீரவநல்லூர்

பதில்: எல்லாப் படத்திலும் இல்லை. ‘ரோம், திறந்த நகர’த்தில் அன்னா மஞ்ஞானி, ஆல்தோ ஃபாப்ரிட்சி இருவரும் பேர்பெற்ற நடிகர்கள். சைக்கிள் படத்தில்தான் கதாநாயகன் லம்பெர்த்தோ மஜ்ஜொரானி நிஜமான ஆலைத் தொழிலாளி. கேரி கிராண்டைப் போட்டால் பணம் தருகிறேன் என்றார் அமெரிக்கத் தயாரிப்பாளர் செல்ஸ்னிக்; டி சிகா ஒப்பவில்லை. படம் உலகமெல்லாம் ஓடியது. மஜ்ஜொரானி ஆலைக்குத் திரும்பினார். ஆட்குறைப்பு வந்தபோது அவர் வேலையும் போனது. எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை.

கேள்வி: ஓய்வு பெற்ற அரசு ஊழியன் நான். என் வயதுக்கு ஒரு படம் சொல்லுங்கள்.
– வாசகர், திருநெல்வேலி டவுன்

பதில்: ‘உம்பெர்த்தோ டி.’, 1952. இதுவும் டி சிகா எடுத்ததே. எழுதியவர் சைக்கிள் படத்தையும் எழுதிய சவாத்தினி. பென்ஷனை உயர்த்தச் சொல்லிக் கிழவர்கள் ஊர்வலம் போக, அனுமதி இல்லையென்று போலீஸ் விரட்டுவதோடு படம் தொடங்கும். வாடகை கட்ட முடியாத ஒரு பெரியவர், அவருடைய நாய், அந்த வீட்டில் வேலை செய்யும் பெண். பெரியவராக நடித்த கார்லோ பத்திஸ்தி பிளாரன்ஸ் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர். பிச்சைக்காக நீட்டிய கையை, ஆள் கிட்டே வந்ததும், மழை பெய்கிறதா என்று பார்ப்பதுபோலத் திருப்பிக்கொள்வார். கவுரவமாக வாழ்ந்த மனிதனின் வறுமையை இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அரசுக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. சினிமாத் துறையைக் கவனித்த அந்திரேயோத்தி, நாட்டின் பெயரை இது கெடுக்கிறது என்ற பொருளில் டி சிகாவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1949லேயே அவர் கொண்டுவந்த சட்டம், படங்களுக்கு உதவித்தொகை கொடுத்த கையோடு கடிவாளத்தையும் அரசிடம் கொடுத்திருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கடிதம் நியாயமா என்று எழுதுங்கள். உங்களைப்போல அலுவலகத்தில் காலம் கழித்தவர்களின் கருத்து எனக்கு வேண்டும். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைக்கிறேன்.