வாசகர் கேள்வி பதில்: அறையை விற்றவர் யார்?

கேள்வி: என் தாயாரின் இருதயச் சிகிச்சைக்காகச் சென்னை செல்ல ஆயத்தமானபோது, மருத்துவமனைக்கு அருகிலுள்ள ஒரு ஹோட்டலின் பெயரை இணையத்தில் தேடி, முதலில் வந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தேன். பேசியவர் “முன்பதிவுப் பிரிவு” என்றே சொன்னார். திகதியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றும் உறுதியளித்தார். கடனட்டை இலக்கத்தைக் கொடுத்த கையோடு முழுத்தொகையும் அமெரிக்க டொலரில் கழிக்கப்பட்டுவிட்டது. வைத்தியர் திகதியைத் தள்ளிவைத்ததால் ஹோட்டலுக்கு அழைத்தபோது, “நீங்கள் எங்களிடம் பதியவில்லையே” என்கிறார்கள். பணம் வாங்கியவர்களோ திருப்பித் தர முடியாது என்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நீங்கள் பேசியது ஹோட்டலுடன் அல்ல, அதன் அறைகளை விற்கும் ஓர் இடைத்தரகு நிறுவனத்துடன். தேடல் முடிவுகளின் உச்சியில் வருபவற்றுட் பல கட்டணம் செலுத்திப் போடப்பட்ட விளம்பரங்களாகும். அது விளம்பரம் என்பதைக் காட்டும் சொல் அவசரத்தில் கண்ணிற் படாத அளவுக்குச் சிறிதாக இருக்கும். இணையத்தள முகவரியின் தொடக்கத்தில் ஹோட்டலின் பெயர் இருப்பதைப் பார்த்து நம்பிவிடுகிறோம்; ஆனால் ‘டொட் கொம்’ என்பதற்கு நேர் முன்னால் நிற்கும் பெயருக்கு உரியவரே அத்தளத்தை நடத்துபவர். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2017 டிசம்பரில் இத்தகைய சில நிறுவனங்களுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தபோது, ஹோட்டலுடனேயே தொடர்பு கொள்வதாக வாடிக்கையாளரை நம்பவைத்தமை, பணம் உடனடியாகக் கழிக்கப்படும் என்பதைத் தெளிவாகச் சொல்லாமை ஆகிய இரண்டுமே அதன் குற்றச்சாட்டில் இருந்தன. உங்களுக்கு நடந்ததும் ஏறத்தாழ அதுவே.

ஹோட்டல் சொன்ன பதில் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. இடைத்தரகர் உங்களிடம் ஒரு விலையை வாங்கிக்கொண்டு, ஹோட்டலுக்கு வேறொரு விலையைப் பிறகு செலுத்துவது இத்தொழிலில் வழமை என்பதால், உங்கள் பணம் இன்னும் ஹோட்டலின் கைக்கு வராமலே இருக்கலாம். ஆயினும் ஹோட்டல்காரர் முற்றிலும் நிரபராதிகள் என்று நான் சொல்லமாட்டேன். வெறுமையாகக் கிடக்கும் அறைகளை நிரப்புவதற்கு இடைத்தரகர்களை நம்பியிருந்துவிட்டு, சிக்கல் வந்ததும் அவர்களை யாரென்றே தெரியாதது போற் பேசுவது நியாயமன்று.

ஆகவே முதலில் ஹோட்டலின் முகாமையாளரையே பிடியுங்கள். வைத்தியரின் கடிதத்தை இணைத்து, இந்த முன்பதிவை அபராதமின்றி இரத்துச் செய்யவோ திகதி மாற்றவோ தமக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பும்படி கேளுங்கள். “ஹோட்டல் சம்மதிக்காது” என்பதே இடைத்தரகர்கள் வழக்கமாகச் சொல்லும் சாட்டு; சம்மதம் எழுத்தில் வந்துவிட்டால் அந்தச் சாட்டு எடுபடாது. அதே வேளையில், திகதியை மாற்றலாம் என்று உறுதியளித்த அந்த அழைப்பின் ஒலிப்பதிவைத் தரும்படி இடைத்தரகரிடம் எழுத்து மூலம் கோருங்கள்.

அதற்கும் இடைத்தரகர் மசியாவிட்டால் கடனட்டை வழங்கிய வங்கியிடம் அந்தக் கொடுப்பனவை மறுத்து முறையிடலாம். இதற்குக் கால எல்லை உண்டு என்பதால், இடைத்தரகரின் பதிலுக்காக வாரக்கணக்கிற் காத்திருக்க வேண்டாம். பணம் கழிக்கப்பட்ட நேரம், நிபந்தனைகள் அடங்கிய உறுதிப்படுத்தல் மின்னஞ்சல் வந்த நேரம் ஆகிய இரண்டையும் முறைப்பாட்டிற் குறிப்பிடுங்கள். பணம் முன்னதாகவும் நிபந்தனை பின்னதாகவும் வந்திருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. மாறாக, நிபந்தனை முதலில் வந்து நீங்கள் அதற்கு ஒப்புதல் அளித்திருந்தால் வெற்றி நிச்சயமில்லை. வங்கி முறையாகப் பதிலளிக்காத பட்சத்தில், இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அணுகலாம். ஏமாற்றும் வர்த்தக நடத்தையை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் தடைசெய்கிறது என்பது உண்மைதான். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் ஒரு நிறுவனத்திடம் அதைக் கொண்டு பணம் மீட்பது கடினம். கைக்கெட்டும் வழி வங்கியே.

கேள்வி: செயலி மூலம் பணம் கட்டித் திருச்சியில் ஓர் அறை பதிந்தோம். இரவில் குழந்தைகளுடன் போய் இறங்கினால், இலங்கைக் கடவுச்சீட்டைப் பார்த்ததும் அறை இல்லை என்றார்கள். இப்படிச் செய்யலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இந்தியாவில் வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் விடுதிகள், அவர்கள் வந்து 24 மணித்தியாலத்துக்குள் ‘சி’ படிவம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் விபரத்தை இணையவழியில் அதிகாரிகளுக்குச் சமர்ப்பிக்க வேண்டும். அதற்குரிய ஏற்பாடு இல்லாத சிறிய விடுதிகள் பல, வம்பு எதற்கு என்று வெளிநாட்டவரை ஏற்பதில்லை. நம் தமிழைத் தொலைபேசியிற் கேட்டு உள்ளூர்க்காரர் என்று எண்ணிச் சரி சொல்லிவிட்டு, கடவுச்சீட்டைக் கண்டதும் கையை விரிப்போரும் உண்டு. தவறு பெரும்பாலும் பணத்தை வாங்கிய செயலியினுடையது. இந்தக் கட்டுப்பாட்டைப் பணம் வாங்குவதற்கு முன்னர் அது காட்டியிருக்க வேண்டும். அறை மறுக்கப்பட்டதை அந்த இடத்திலேயே செயலியின் உரையாடற் பகுதியில் எழுதிவிடுங்கள், வரவேற்பாளரிடமும் ஒரு வரி எழுதி வாங்குங்கள். சேவையே வழங்கப்படாத கொடுப்பனவு என்பதால், முதற் கடிதத்தில் உள்ளதை விட உங்கள் கோரிக்கை இலகுவானது. அடுத்த முறை பதிந்த அன்றே விடுதிக்கு அழைத்து, “இலங்கைக் கடவுச்சீட்டு, ‘சி’ படிவம் போடுவீர்களா?” என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நுவரெலியாவில் தங்குவதற்கு விலை ஒப்பீட்டுத் தளமொன்றில் முதலாவதாகக் காட்டிய விலையைத் தெரிவுசெய்தேன். கட்டும்போது தொகை கூடிவிட்டது. முதலில் வருவது மலிவானது இல்லையா?
– வாசகர், தெஹிவளை

பதில்: இல்லை. தமக்குக் கூடுதல் விளம்பரக் கட்டணம் செலுத்தியோரின் விலைகளை முன்னிறுத்திக்கொண்டே, மலிவான விலையைக் காட்டுவதாகச் சொல்லி வந்த ட்ரிவாகோ என்ற விலை ஒப்பீட்டுத் தளத்துக்கு அவுஸ்திரேலிய நீதிமன்றம் 2022 இல் 44.7 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. உங்கள் விடயத்திற் கூடிய தொகை அநேகமாக 10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத பெறுமதி சேர் வரியுமாக இருக்கும். பட்டியலில் அவற்றை நீக்கிய விலையைக் காட்டுவது பல தளங்களின் வழக்கம். பணம் கட்டும் பக்கத்தில் வரும் இறுதித் தொகையைக் குறித்துக்கொண்டு, ஹோட்டலை நேரடியாக அழைத்து, வரிகள் அனைத்தும் உட்பட அதே அறைக்கு என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். தரகுப் பணம் மிச்சமாகும் என்பதால் குறைத்துத் தரும் ஹோட்டல்கள் உண்டு, குறைக்காதவர்களும் சில வேளைகளிற் காலை உணவையாவது சேர்த்துத் தருவார்கள்.