மழையா, பனியா? பஃபலோ புறப்படும் பெற்றோருக்கு ஒரு பதில்

கேள்வி: நான் குடியாத்தத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். அமெரிக்காவில் பஃபலோ நகரில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் டிசம்பர் நடுவில் செல்கிறோம். நியூயார்க்கில் இறங்கியதும் வேனில் அழைத்துச் செல்வதாகச் சொல்லி, வேலூர் டிராவல்ஸ்காரர் ஒருவர் முழுத் தொகையையும் இப்போதே கேட்கிறார். கைப்பேசியில் அந்த நாளுக்கு, காலையில் பார்த்தால் மழை என்றும் மாலையில் பார்த்தால் பனி என்றும் மாறி மாறிக் காட்டுகிறது. "வெப்பநிலை 3 டிகிரி, பூஜ்யத்துக்கு மேல் இருப்பதால் மழைதான் பெய்யும்" என்கிறார் அவர். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம், பணத்தையும் இப்போது கொடுக்க வேண்டாம். நீங்கள் பார்க்கும் படத்துக்குப் பின்னால் பெரும்பாலும் எந்த வானிலையாளரும் இல்லை. வானிலையைக் கணக்கிட்டு முன்னறிவிக்கும் அமெரிக்காவின் உலகளாவிய கணினி மாதிரி நாளுக்கு 4 முறை கணக்கிடப்படுகிறது. செயலிகள் பலவும் இத்தகைய கணக்கின் விடையைத் துளியாகவோ பனித்துகளாகவோ வரைந்து காட்டிவிடுகின்றன. இரண்டு வாரம் தள்ளியுள்ள நாளுக்கு அந்த விடை ஒவ்வொரு முறையும் மாறுவது இயல்பு. அதை உறுதியான செய்தியைப்போலக் காட்டுவதுதான் தவறு.

பஃபலோவைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் அதிகம். அந்நகரம் ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது. சுமார் 390 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஏரி, கோடையில் வாங்கிய சூட்டை டிசம்பரிலும் ஓரளவு வைத்திருக்கும். மேற்கு, தென்மேற்கிலிருந்து வரும் குளிர்காற்று ஏரியின் நீளவாக்கில் ஓடி, வழியெல்லாம் வெப்பத்தையும் ஈரத்தையும் ஏற்றிக்கொண்டு, கரையேறியதும் ஒரு குறுகிய பட்டையாகக் கொட்டுகிறது. நீரின் வெப்பநிலைக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்திலுள்ள காற்றின் வெப்பநிலைக்கும் ஏறக்குறைய 13 டிகிரி வேறுபாடு இருந்தால் இது தொடங்கிவிடும். 2014 நவம்பரில் பஃபலோவின் தெற்குப் புறநகர்களில் ஒன்றரை மீட்டருக்கு மேல் பனி குவிந்தபோது, சில கிலோமீட்டர் வடக்கே இருந்தவர்கள் சில அங்குலத்தையே பார்த்தார்கள். அந்தப் பட்டையின் அகலம் பெரும்பாலும் வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையிலான தூரத்தைவிடக் குறைவு. காற்றின் திசை சற்றே திரும்பினாலும் இடம் மாறிவிடுகிற அதை இரண்டு வாரம் முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியாது.

இனி அந்த 3 டிகிரி. மழையா பனியா என்பதைத் தரையில் உள்ள வெப்பநிலைமானி மட்டும் தீர்மானிப்பதில்லை. வாணியம்பாடியில் வியர்க்கும்போது ஏலகிரியில் குளிர்வதை அறிவீர்கள்; மேலே போகப் போகக் காற்று குளிரும். மேகத்தில் உருவாகும் பனி, தரைக்கு அருகே மெல்லிய சூடான அடுக்கைக் கடக்கும்போது முழுவதும் உருக நேரம் கிடைக்காமல் பனியாகவே வந்து சேரலாம். காற்று வறண்டிருந்தால், விழும் துளிகள் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், 3 டிகிரியில் மழையாகத் தொடங்கியது சிறிது நேரத்தில் பனியாக மாறுவதும் உண்டு. ஏரிக்கரையில் மழையும், தெற்கே உள்ள மேட்டு நிலத்தில் பனியும் ஒரே வேளையில் பெய்வது அங்கே வழக்கம்.

ஆனால் ஒரு விதிவிலக்கை நீங்கள் மறக்கவே கூடாது. சில நாட்களில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது: மேலே சூடான காற்று, தரையை ஒட்டிப் பூஜ்யத்துக்குக் கீழான குளிர்காற்று. மேலே உருகிய துளி திரவமாகவே வந்து, சாலையையோ வாசற்படியையோ தொட்ட கணத்தில் உறைந்துவிடும். கைப்பேசி அதை வெறும் 'மழை' என்று காட்டக்கூடும். படிக்கட்டு நனைந்ததுபோல்தான் தெரியும். கால் வைத்தால் வழுக்கும். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ பகுதிகளிலும் நியூயார்க் மாநிலத்தின் வடக்கிலும் இப்படிப் பெய்த மழையின் பனிக்கட்டிச் சுமை தாங்காமல் மின்கோபுரங்களே முறிந்து விழுந்தன. ஆகவே மழைப் படமும், அதன் அருகே பூஜ்யம் அல்லது அதற்குக் கீழான எண்ணும் சேர்ந்து தெரிந்தால், அன்று உங்கள் வயதில் உள்ளவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரவே வேண்டாம். பனிப்பொழிவைவிட நான் அதற்குத்தான் அதிகம் அஞ்சுவேன்.

டிராவல்ஸ்காரரிடம் வருகிறேன். நியூயார்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சாலை வழியே சுமார் 600 கிலோமீட்டர். ஏரியைப் பார்த்திராத ஒருவர், ஓர் எண்ணைக் காட்டி 'மழைதான்' என்று உறுதியளித்துப் பணம் வாங்குவது வானிலை ஆலோசனை ஆகாது. நெடுஞ்சாலை மூடப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, இரவு தங்கும் செலவு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அவரை விட்டுவிடுங்கள். 2022 டிசம்பர் 23 அன்று பஃபலோவில் காலையில் மழையாக இருந்தது, சில மணி நேரத்தில் கடுங்குளிராகவும் பனிப்புயலாகவும் மாறியது. அப்பகுதியில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சிலர் தங்கள் வாகனங்களுக்குள்ளேயே. புயல் வருமென்று முன்னறிவிப்பு இருந்தும், வாகனத் தடை அன்று காலையில்தான் வந்தது. அதற்குள் பலர் வேலைக்குக் கிளம்பியிருந்தார்கள். முன்னறிவிப்பு சரியாக இருந்தும் அதை முடிவாக மாற்றத் தாமதிக்கும் நிர்வாகம் எந்த நாட்டிலும் எனக்கு ஆத்திரத்தையே தருகிறது. நம் ஊரிலும் பேரணாம்பட்டு மலையோரம் நனைய, காட்பாடி காய, மாவட்டம் முழுமைக்கும் ஒரே எச்சரிக்கை நிறத்தைத்தானே பூசுகிறோம்?

சென்னையிலிருந்து பஃபலோ வரை ஒரே பயணச்சீட்டாக விமானத்தில் பதிவு செய்யுங்கள். இடையில் ஒரு விமானம் ரத்தானால் உங்களை அடுத்ததில் ஏற்றும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதாகிவிடும். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பிருந்து, அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் பஃபலோ அலுவலகம் வெளியிடும் விரிவான முன்னறிவிப்பை மகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பட்டை எங்கே விழும், எதில் ஐயம் இருக்கிறது என்பதை அங்கே மனிதர்கள் எழுதுகிறார்கள். பிரசவத் தேதிக்கு ஒரு வாரமாவது முன்னதாகப் போய்ச் சேரும்படி பயண நாளை மாற்றிக்கொண்டால், இரண்டு நாள் வழியில் தங்க நேர்ந்தாலும் நீங்கள் பதறத் தேவையிருக்காது.