ஊருணிக்குப் பூட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பதினொரு வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ஊர் நடுவே நாலு பக்கமும் கல்படி வைத்த பழைய ஊருணி ஒன்று இருக்கிறது. தண்ணீர் கிடையாது. ஊர்க் குப்பை பூராவும் அதில்தான். நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சுத்தம் செய்கிறோம். முதல் வாரம் முப்பது சாக்கு அள்ளினோம். சாலையோரம் அடுக்கிய படத்தை இணைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் பழையபடி குப்பை. கம்பிவேலி போட்டு வாசலைப் பூட்டினோம். வேலிக்கு மேலே வீசுகிறார்கள். கேமரா வைக்கலாம், சுவரில் சாமி படம் பதிக்கலாம் என்று பேச்சு. வள்ளுவர் ஊருணியைப் பாடிய மண்ணில் ஏன் இப்படி? நம் ஜனங்களுக்குப் பொதுச்சொத்து என்கிற எண்ணமே கிடையாதா? இவர்களைத் திருத்த என்ன செய்யலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போன மாதம் ஒரு காதுகுத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊருணிக்குள் கோழிக்கடைக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அன்றிலிருந்து மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருக்கமாட்டேன். சுத்தம் பற்றி எனக்கு வருகிற கடிதங்களெல்லாம் ஒரே ஒப்பாரிதான்.

சில்லறையை முதலில் தள்ளிவிடுகிறேன். வள்ளுவரை விடுங்கள். ஊருணி என்று யார் வாயெடுத்தாலும் அந்தக் குறள் வந்து நிற்கும். அவர் பேசியது கொடுக்கத் தெரிந்தவன் கையிலிருக்கிற செல்வத்தைப் பற்றி. கேமரா வேண்டாம், ஆறு மாதத்தில் அதன்மேல் குருவி கூடு கட்டும். சாமி படம் வேண்டவே வேண்டாம். பிள்ளையார் முகத்துக்கு நேரே கொட்டக் கூசுகிறவன் பத்தடி தள்ளிக் கொட்டுவான். அப்புறம் அங்கே ஒரு படம் பதிப்பீர்கள். குப்பைக்குக் காவல் இருக்கும் வேலையைச் சாமிக்குக் கொடுத்ததுதான் மிச்சமாகும்.

சிங்கப்பூரையும் இழுக்காதீர்கள். 1968இல் அந்நாட்டுப் பிரதமர் லீ குவான் யூ துப்புரவு இயக்கம் தொடங்கினார், குப்பை போட்டவர்களுக்கு அபராதம் விதித்தார்கள், எல்லாம் சரி. விடிகிற நேரத்தில் அந்த ஊரைக் கூட்டித் துடைக்க ஒரு படையே இறங்குகிறதே, பதினொரு வருடத்தில் அதைப் பார்க்காமலா இருந்திருப்பீர்கள்?

'நம் ஜனங்கள்', 'இவர்களைத் திருத்த' என்று எழுதியிருக்கிற இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. யார் தம்பி இவர்கள்? உங்கள் எட்டுப் பேர் போக மீதியா? படத்தைப் பார்த்தேன். முப்பது சாக்கும் வரிசையாக நிற்கின்றன, பின்னால் நீங்கள் எட்டுப் பேரும் கையுறையோடு நிற்கிறீர்கள். திங்கட்கிழமை அந்தச் சாக்குகளைத் தூக்கி வண்டியில் போட்டது யார் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. ஊராட்சியின் தூய்மைக் காவலராகத்தான் இருக்கும். மதிப்பூதியம் என்று சில ஆயிரம் வாங்குகிற ஒரு பெண்ணாக இருக்கும். அவருக்குக் கையுறை இருந்ததா என்று கேட்டீர்களா? சாக்குக்குள் முக்காலும் பாலித்தீன் பையாகத்தான் இருந்திருக்கும். ஒருதடவை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்தே தடை. தடை செய்த பை ஊர்க்கடை வரைக்கும் எப்படி வந்து சேருகிறது என்று கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை. பையை வீசிய கை மட்டும்தான் கண்ணில் படுகிறது.

சரி, கோபத்தை ஓரம் வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுத்துத் தூங்காமல் மண்வெட்டியோடு இறங்கிய பிள்ளைகள் நீங்கள். அந்தப் படத்தை என் தங்கைக்குக்கூட அனுப்பிவைத்தேன்.

என் ஊர் முதுகுளத்தூருக்கு அந்தப் பக்கம். நிலத்தடித் தண்ணீர் உப்பு, கிணறு வெட்டினால் வாயில் வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழை வரத்துக்காலில் ஓடிவந்து ஊருணியில் நின்றால்தான் கோடைக்குக் குடிநீர். குடிக்கிற ஊருணி வேறு, குளிக்கிற ஊருணி வேறு. முளைப்பாரியைக்கூடக் குளிக்கிற ஊருணியில்தான் கரைக்க விடுவார்கள். குடிக்கிற ஊருணிக் கரையில் செருப்போடு ஏறக்கூடாது. ஆடுமாடு இறங்காமல் சுற்றிலும் முள் அடைத்திருக்கும். கால் நனையாமல் குனிந்து குடத்தை அமுக்கி எடுக்க வேண்டும். சின்னப் பிள்ளையில் அதற்கே தனியாகப் பழகினோம். சித்திரை, வைகாசியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்க் கலங்கிவிடும். அப்பத்தா குடத்தின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசி வைப்பார். விடிந்து பார்த்தால் கசடெல்லாம் அடியில் படிந்திருக்கும். மேலாகத் தெளிந்ததை இறுத்துக் குடிப்போம்.

ஒருதரம் வெளியூர்க்காரர் ஒருவர் தெரியாமல் படியில் இறங்கிக் கால் கழுவிவிட்டார். அப்பத்தா இடுப்புக் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. சாயங்காலம் ஊர்க்கூட்டத்தில் அவருக்குத் தெண்டமும் போட்டார்கள். அந்த ஜனங்களுக்கு யாரும் பொதுச்சொத்துப் பாடம் நடத்தவில்லை. அவர் கால் கழுவிய தண்ணீர் நம் வீட்டுக் குடத்துக்குத்தான் வரும் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

பிறகு காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்தது. வந்தது நல்லது. குடம் தூக்கி இடுப்பு ஒடிந்தவள் சொல்கிறேன், ஆயிரம் தடவை நல்லது. ஆனால் அப்புறம் ஊருணிக்கரைக்குப் போக யாருக்கும் சோலி இல்லாமல் போயிற்று. முள் அடைப்பு போனது. வரத்துக்காலை மறித்து ஒருவர் மாட்டுக்கொட்டகை போட்டார், இன்னொருவர் காம்பவுண்டுச் சுவரை ஒரு முழம் தள்ளிக் கட்டினார். தண்ணீர் நின்றுபோனது. தண்ணீர் இல்லாத ஊருணி வெறும் பள்ளம். பள்ளத்தைக் கண்டால் மனுசனுக்குக் கை சும்மா இருக்காது. முதலில் இடித்த வீட்டுச் சல்லி, பிறகு விசேஷ வீட்டு எச்சிலை, பிறகு பாலித்தீன் பை, இப்போது கோழிக் கழிவு. அதே ஜனங்கள்தான் தம்பி. அன்றைக்குத் தெண்டம் போட்டவரின் பேரன்தான் இன்றைக்குக் கோழிக்கடை வைத்திருக்கிறார்.

ஆள் குடியிருக்காத வீட்டில் கரையான் ஏறுவது மாதிரி, புழக்கம் போன இடத்தில் குப்பை ஏறுகிறது. உங்கள் ஊரிலேயே சுற்றிப் பாருங்கள். சாயங்காலம் பையன்கள் கபடி ஆடுகிற பொட்டலில் யாராவது கொட்டுகிறார்களா? சப்பரம் வருகிற வீதியில் கொட்டுகிறார்களா? பெண்கள் துணி துவைக்கிற குளத்துப் படியில் ஒருத்தன் குப்பையோடு வந்து நின்றுவிட்டு முழுசாகத் திரும்பிவிடுவானா? நீங்கள் சுத்தம் செய்துவிட்டுப் போனதும் அந்த இடம் மறுபடி யாருமில்லாத இடம் ஆகிவிடுகிறது. செவ்வாய்க்கிழமைக்குள் குப்பை வராமல் என்ன செய்யும்?

இந்த இடத்தில் 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று யாராவது தலையாட்டினால் அவர்களுக்கும் ஒரு குட்டு வைத்திருக்கிறேன். எங்கள் ஊருணிப் படியில் எல்லோரும் இறங்கவில்லை. தெற்குத்தெருப் பெண்கள் கரைக்கு வெளியே வெறுங்குடத்தோடு நிற்பார்கள். யாராவது மனது வைத்து ஊற்றினால் உண்டு. என் அப்பத்தாவும் குடத்தில் குடம் படாமல் உயரத் தூக்கித்தான் ஊற்றுவார். பொதுத்தெரு, பாதை, கிணறு, குளம் எதிலும் எவரையும் தடுக்கக்கூடாது என்று ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924இல். நான் குடம் தூக்கிய காலத்தில் அந்தத் தீர்மானத்துக்கு நாற்பது வயது. எங்கள் ஊர்க் கரைக்கு அது அப்போதும் வந்து சேரவில்லை. கரைக்கு வெளியே நின்ற அந்தப் பெண்களின் பேத்திகளிடம் போய் 'இது நம் எல்லோருடைய சொத்து, காப்பாற்றுங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் பூட்டின் மேல் எனக்கு இத்தனை ஆத்திரம் வருவதும் இதனால்தான். ஊருணிக்குப் பூட்டாம், சாவி எட்டுப் பேர் கையிலாம். நல்ல எண்ணத்தில்தான் போட்டீர்கள், தெரிகிறது. வேலிக்கு வெளியே நிற்கிறவனுக்கு அது உங்கள் இடமாகத்தான் தெரியும். உங்கள் இடத்தில் கொட்டுவதில் அவனுக்கு ஒரு சின்னச் சந்தோஷமும் இருக்கும்.

வேலியைப் பிரியுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தில் இறங்காமல் வரத்துக்காலைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கி நடந்து பாருங்கள். உங்கள் பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்களில் கூரைத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் ஊருணியில் போய் விழும்படி வாட்டம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த வாட்டம் எங்கேயோ முறிந்திருக்கும். சிமெண்டுச் சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியிருப்பார்கள், அல்லது வீட்டுச் சாக்கடையை அதில் திருப்பிவிட்டிருப்பார்கள். அதைச் சரிசெய்ய ஊராட்சிக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இருக்காது. ஒரு மழைத் தண்ணீர் நின்றுவிட்டால் பிள்ளைகள் தானாக வந்து குதிப்பார்கள். நீச்சல் சொல்லிக்கொடுக்க யாராவது ஒரு தாத்தா வந்து உட்காருவார். ஊராட்சி மீன்பாசி ஏலம் விடும், அதாவது மீன் பிடிக்கிற உரிமையை. காசு கொடுத்து ஏலம் எடுத்தவர் குப்பையோடு வருகிறவனை உங்கள் கேமராவைவிட நன்றாகவே பார்த்துக்கொள்வார்.

நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, அதன்மேல் யார் யார் வீடு நிற்கிறது என்று வரிசையாக எழுதுங்கள். உங்கள் எட்டுப் பேரில் ஒருவர் வீடாக இருந்தால் அதை முதலில் எழுதுங்கள்.