பத்துத் தளங்கள் சொன்னால் உண்மையாகிவிடுமா?

கேள்வி: குழந்தை நலம் பற்றி இணையத்தில் தேடும்போது, மருத்துவர் சங்கங்களின் தளங்களே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. எல்லாமே நேர்த்தியாக இருக்கின்றன, முகவரி '.ஆர்க்' என்று முடிகிறது, அடிக்குறிப்புகளும் உள்ளன. எதை நம்புவது?

பதில்: நீங்கள் குறிப்பிட்ட மூன்று அடையாளங்களையும், கொஞ்சம் பணமும் உழைப்பும் செலவிட்டால் எவரும் உண்டாக்கிக்கொள்ள முடியும். '.ஆர்க்' முகவரியைப் பதிவு செய்ய எந்தத் தகுதியும் கேட்கப்படுவதில்லை. ஆகவே ஒரு தளத்தை அந்தத் தளத்துக்குள்ளேயே இருந்துகொண்டு எடைபோட முயல்வதுதான் நாம் முதலில் கைவிட வேண்டிய பழக்கம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களான சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. வரலாற்றறிஞர்கள் 10 பேர், செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் அவர்கள் இரண்டு தளங்களைக் காட்டினார்கள். ஒன்று, 1930-இல் தொடங்கிப் பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்டுள்ள அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தினுடையது; மற்றொன்று, கருத்து வேறுபாட்டால் அதிலிருந்து பிரிந்தவர்கள் 2002-இல் தொடங்கிய, ஏறத்தாழ அதே பெயர் கொண்ட மிகச் சிறிய அமைப்பினுடையது. மாணவர்களில் பெரும்பாலோர் சிறிய அமைப்பின் தளத்தையே நம்பகமானதாகக் கருதினார்கள். ஆவணங்களோடு வாழும் வரலாற்றறிஞர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் மட்டும் தடுமாறவில்லை. அவர்கள் அந்தப் பக்கங்களை ஆழ்ந்து படிக்கவே இல்லை என்பதுதான் இதில் நாம் கற்க வேண்டிய செய்தி. சில நொடிகளிலேயே புதிய தாவல்களைத் திறந்து, அந்த அமைப்பை நடத்துவது யார், எப்போது, எதற்காகத் தொடங்கினார்கள், பிறர் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வெளியே தேடினார்கள்.

நீங்களும் அவ்வாறே செய்யலாம். அமைப்பின் பெயரைத் தேடுபொறியில் இட்டு, அதன் சொந்தத் தளத்தை ஒதுக்கிவிட்டு, மற்ற முடிவுகளைப் படியுங்கள். கவனமாகப் படிப்பது நற்பழக்கம்தான். ஆனால் படிக்கத் தகுந்ததா என்று தெரியாத ஒன்றின் மீது அந்தக் கவனத்தைச் செலவிடுவது, எழுதியவரின் வாதத்துக்குள் நம்மை மெல்ல மெல்ல இழுத்துச் சென்றுவிடும்.

கேள்வி: ஒரே செய்தியைப் பத்துத் தளங்கள் சொன்னால் நம்பலாம்தானே?

பதில்: அந்தப் பத்தும் தனித்தனியே விசாரித்து எழுதியவையா, அல்லது ஒன்றைப் பார்த்து மற்றவை எழுதியவையா என்பதைப் பொறுத்தது. ஆதாரமற்ற ஒரு வரி விக்கிப்பீடியாவில் ஏறி, அதைப் பார்த்து ஒரு நாளிதழ் எழுதி, பின்னர் அந்த நாளிதழே விக்கிப்பீடியாவில் சான்றாகச் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் உண்டு. மேலும், திரும்பத் திரும்பக் கேட்ட கூற்றை மனம் உண்மையென்று ஏற்கத் தொடங்குகிறது என்பதை உளவியலாளர்கள் 1977-லேயே சோதனை வழியே காட்டிவிட்டார்கள்.

எனவே எண்ணிக்கையைப் பார்க்காமல், செய்தி புறப்பட்ட இடத்தைத் தேடிச் செல்லுங்கள்; அங்கே சென்றபின், அது இன்னும் செல்லுபடியாகிறதா என்றும் பாருங்கள். தட்டம்மை உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்து 1998-இல் 'லான்செட்' இதழில் வெளியான கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. 2010-இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆயினும் அந்தக் கூற்று இன்றும் புதிய செய்திபோல் பகிரப்படுவதும், அதை நம்பிப் பெற்றோர் குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தயங்குவதும் எனக்கு ஆழ்ந்த கவலை அளிக்கின்றன.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் சான்றுகளோடு பதில் தருகின்றனவே, அவற்றை ஏற்கலாமா?

பதில்: சான்றைத் திறந்து படித்த பிறகு ஏற்கலாம். 2023-இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. அந்தத் தீர்ப்புகளில் ஒன்றையேனும் சட்டத் தரவுத்தளத்தில் தேடியிருந்தால், அப்படியொரு வழக்கே நடக்கவில்லை என்பது மனு தாக்கலாகும் முன்பே தெரிந்திருக்கும்.