டிரஸ்ட் பதிவு பண்ணிட்டா ஸ்கூல் நடத்தலாமா?

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் சென்னையில வேலைய விட்டுட்டு மாமனார் ஊருக்கே வந்துட்டோம். இங்க அஞ்சாவது படிக்கிற பிள்ளைக்கு ஒரு பத்தி சேர்ந்தாப்ல வாசிக்க வரல. கதை, கைவேலை, தோட்டம், கணக்குன்னு மாற்றுக் கல்விக்கு ஒரு இடம் தொடங்கணும்னு ஆசை. மாமனார் தோப்புல 60 சென்ட் தர்றேங்கிறார், கீத்துக் கொட்டகை போட்டுக்கலாம். அமெரிக்காவுல இருக்கிற தோழி மாசாமாசம் பணம் அனுப்புறேன்னு சொல்றா. டிரஸ்ட் பதிவு பண்ணிட்டா ஸ்கூலே நடத்தலாம்னு பத்திரம் எழுதுறவர் சொல்றார். டிரஸ்ட் நல்லதா, சொசைட்டி நல்லதா? தூரத்துப் பிள்ளைங்க சிலரை எங்க வீட்லயே தங்க வச்சுக்கலாமா? கவர்மென்ட் ஸ்கூல் டீச்சரா இருக்கிற என் கொழுந்தனாரும் வந்து பாடம் எடுக்கலாமா?

பதில்: சகோதரி, டிரஸ்டா சொசைட்டியாங்கறத அப்புறம் பாக்கலாம், அது சுலபமான விஷயம். முதல்ல நீங்க முடிவு பண்ண வேண்டியது வேற. உங்ககிட்ட வர்ற பிள்ளை எந்த ஸ்கூல் ரிஜிஸ்டர்ல இருக்கப் போகுது? ஏற்கனவே படிக்கிற கவர்மென்ட் ஸ்கூல்லயே பேர் இருந்து சாயங்காலமும் லீவு நாள்லயும் உங்ககிட்ட வருதா, இல்ல டிசி வாங்கிட்டு முழுசா உங்ககிட்ட வந்துடுதா? ரெண்டும் சட்டத்துக்கு முன்னால ரெண்டு வேற வேற விஷயம், மத்த எல்லா கேள்விக்கும் பதில் இதுல இருந்துதான் வரும்.

பத்திரம் எழுதுறவர் சொன்னது தப்பு. டிரஸ்ட் பதிவுங்கறது ஒரு அமைப்பு பிறந்ததுக்கான சான்று, அவ்வளவுதான், ஸ்கூல் நடத்துற அனுமதி அதுல கிடையாது. 2009ல வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 18 படி அங்கீகாரச் சான்றிதழ் இல்லாம எந்தத் தனியார் ஸ்கூலும் தொடங்கவும் கூடாது, நடத்தவும் கூடாது. மீறினா 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், அதுக்கப்புறமும் நடத்திட்டே இருந்தா ஒரு நாளைக்கு 10,000 ரூபாய். ஃபீஸ் வாங்கலயே, சேவைதானே பண்றோம்னு சொன்னா இந்தப் பிரிவுல விலக்கு எதுவும் இல்ல. அங்கீகாரம் வேணும்னா கட்டட உரிமம், தீயணைப்புத் துறை சான்று, சுகாதாரச் சான்று, தகுதி உள்ள ஆசிரியர்னு 2018ம் வருஷத்து தமிழ்நாடு தனியார் பள்ளிகள் சட்டமும் அதோட விதிகளும் சொல்றதெல்லாம் வேணும், ஊர்ல புதுசா வந்து இறங்குன ரெண்டு பேர் முதல் வருஷமே தாங்கக்கூடிய வேலை இல்ல அது.

அபராதத்த விட எனக்குப் பெரிய கவலை பிள்ளைங்கதான். மாற்றுக் கல்வியில உற்சாகமா இறங்குறவங்க பல பேர் இத யோசிக்கறதே இல்ல. நம்ம ஸ்டேட்ல மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல வந்துச்சு, அதுக்கு ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். காலேஜ் போற பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபாய் தர்ற புதுமைப் பெண் திட்டத்துக்கும், பசங்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் ஆறாவதுல இருந்து எங்க படிச்சாங்கன்னுதான் பாக்கறாங்க. காலை உணவு, சத்துணவு, பாடப்புத்தகம், சீருடை இதெல்லாமும் ஸ்கூல்ல பேர் இருந்தாதான். ஒரு கூலி வேலை பாக்கற அம்மா உங்க மேல நம்பிக்கை வச்சு ஏழாவதுல பொண்ண வெளிய எடுத்துட்டு வந்து உங்ககிட்ட விட்டா, அஞ்சு வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணு இழக்கறது என்னன்னு அன்னைக்கு அந்த அம்மாவுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியணும்.

அதனால என் கருத்து இதுதான், குறைஞ்சது முதல் மூணு வருஷம் எந்தப் பிள்ளையையும் ஸ்கூல்ல இருந்து எடுக்காதீங்க, சாயங்கால மையமா, சனி ஞாயிறு மையமா நடத்துங்க. பேர்லயும் போர்டுலயும் நோட்டீஸ்லயும் பள்ளி, ஸ்கூல், வித்யாலயா எதுவும் வேண்டாம், கற்றல் மையம்னு போடுங்க. அரசே 2021ல இல்லம் தேடிக் கல்வின்னு தன்னார்வலர்கள வச்சு சாயங்கால வகுப்பு தொடங்குச்சு, அதனால ஊர்க்காரங்களுக்கும் இது புதுசா தெரியாது. உங்க ஊர் ஸ்கூல் ஹெட்மாஸ்டரப் போய்ப் பாருங்க, பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு சட்டப்படியே ஒவ்வொரு அரசுப் பள்ளியிலயும் இருக்கு, அதுல பெரும்பாலானவங்க பெற்றோர்தான், அவங்க கூட்டத்துல பேசி ஆதரவா ஒரு தீர்மானம் வாங்கி வச்சுக்கோங்க. நாளைக்கு யாராவது மொட்டைக் கடுதாசி போட்டா அந்தத் தீர்மானம்தான் பதில் சொல்லும்.

ஏற்கனவே ஸ்கூல விட்டு நின்ன பிள்ளைங்க இருந்தா அவங்க விஷயம் வேற. 14 வயசுக்குள்ள இருந்தா கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 4 படி வயசுக்கேத்த வகுப்புல சேந்து, பின்தங்கினதுக்கு சிறப்புப் பயிற்சி வாங்கற உரிமை அந்தப் பிள்ளைக்கு உண்டு, அதுக்கு நீங்க கூட நின்னு உதவலாம், இது ரொம்ப நல்ல வேலை. 14 தாண்டினவங்களுக்கு தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியா பத்தாவது எழுத வைக்கலாம், எட்டாவது தனித்தேர்வராவும் எழுதலாம்.

இப்போ அமைப்புக்கு வருவோம். சொசைட்டின்னா 1975ம் வருஷத்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், குறைஞ்சது ஏழு பேர் வேணும், வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி மாவட்டப் பதிவாளர்கிட்ட கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் குடுக்கணும், ஓட்டெடுப்புல தோத்தா தொடங்கின நீங்களே வெளிய நிக்க வேண்டி வரலாம். கம்பெனிகள் சட்டம் பிரிவு 8 படி லாப நோக்கமில்லாத கம்பெனியும் ஆரம்பிக்கலாம், பெரிய நிறுவனங்க அத மதிக்கும், ஆனா ஆடிட்டர் செலவும் ஃபைலிங் வேலையும் சின்ன அமைப்ப அமுக்கிடும். உங்களுக்கு டிரஸ்ட் போதும்.

ஆனா டிரஸ்ட் டீட, அதாவது டிரஸ்ட் பத்திரத்த, மாடல் காப்பி எடுத்து பேர மட்டும் மாத்திப் பதிவு பண்ணாதீங்க. அஞ்சு டிரஸ்டி போடுங்க, அதுல மூணு பேராவது குடும்பத்துக்கு வெளிய இருக்கட்டும், ஒரு பெற்றோர், ஒரு ரிட்டயர்டு டீச்சர் இப்படி. இது திரும்ப எடுக்க முடியாத பொது டிரஸ்ட்னு தெளிவா எழுதுங்க, கலைச்சா சொத்து இதே மாதிரி நோக்கம் உள்ள வேற பொது அறக்கட்டளைக்குப் போகணும்னு எழுதுங்க, டீட திருத்தறதுக்கு ஒரு வழி எழுதுங்க, அந்த ஷரத்த விட்டுட்டா பின்னாடி ஒரு சின்ன மாத்தத்துக்குக் கூட கோர்ட் வாசல் ஏற வேண்டியிருக்கும். பயனாளிகள்னு எழுதும்போது ஒரு குறிப்பிட்ட மதம், நம்ம சாதிப் பிள்ளைங்கன்னு சுருக்காதீங்க, வரி விலக்கு அங்கயே அடிபடும். நீங்களோ உங்க வீட்டுக்காரரோ சம்பளம் வாங்கறதா இருந்தா வாங்கலாம், தப்பில்ல, செய்யற வேலைக்கு நியாயமான தொகையா இருக்கணும், தீர்மானத்துல ஏறியிருக்கணும். அதுக்கு மேல குடும்பத்துக்குப் பணமோ வசதியோ போனா விலக்கு போயிடும்.

பதிவு முடிஞ்சதும் பான் கார்டு, டிரஸ்ட் பேர்ல பேங்க் கணக்கு, அப்புறம் வருமான வரித்துறையில 12ஏ (டிரஸ்ட் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை குடுத்தவருக்கு வரிச் சலுகை) பதிவு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ம் வருஷத்து புது வருமான வரிச் சட்டத்துல பிரிவு எண்ணெல்லாம் வேற, ஆனா ஆடிட்டர்கிட்ட பழைய பேர சொன்னாலே புரியும். முதல்ல தற்காலிகப் பதிவு மூணு வருஷத்துக்குக் குடுப்பாங்க, மூணு வருஷம் இருக்கேன்னு தூங்கிடாதீங்க, வேலைய ஆரம்பிச்ச ஆறு மாசத்துக்குள்ள முறையான பதிவுக்கு விண்ணப்பிச்சிடணும். நன்கொடை 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா வந்தா குடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடைக்காது, பேங்க் வழியா வாங்குங்க. கம்பெனிங்களோட சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) பணத்துக்கு சாதாரணமா மூணு வருஷ வேலை அனுபவம் கேப்பாங்க, அத இப்போ நம்பி பட்ஜெட் போடாதீங்க.

அமெரிக்கத் தோழி விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதை. அவங்க கையில இப்பவும் இந்தியன் பாஸ்போர்ட் இருக்கான்னு முதல்ல கேளுங்க. இந்தியக் குடியுரிமையோட அங்க வேலை பாக்கறவங்கன்னா அவங்க சொந்த சேமிப்புல இருந்து பேங்க் வழியா அனுப்பறது வெளிநாட்டு நன்கொடையா ஆகாது, பாஸ்போர்ட் காப்பியும் ஒரு கடிதமும் வாங்கி ஃபைல்ல வச்சுக்கோங்க. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிட்டாங்கன்னா, ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளியினருக்குத் தர்ற அட்டை) இருந்தாலும் சரி, நம்ம ஊர்லயே பிறந்து வளந்தவங்களா இருந்தாலும் சரி, அது வெளிநாட்டுப் பணம், 2010ம் வருஷத்து வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள்ள வந்துடும். அதுல பதிவு வாங்கணும்னா மூணு வருஷம் இயங்கியிருக்கணும், அந்த மூணு வருஷத்துல 15 லட்சம் ரூபாயாவது நோக்கத்துக்காக செலவு பண்ணியிருக்கணும், இல்லேன்னா குறிப்பிட்ட நன்கொடையாளர், குறிப்பிட்ட வேலைன்னு சொல்லி முன் அனுமதி வாங்கணும். பணம் வர்ற கணக்கும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்லதான் தொடங்கணும். உங்க சொந்த அக்கவுன்ட்டுக்கு அனுப்பச் சொல்லி அங்க இருந்து டிரஸ்ட்டுக்கு மாத்திக்கலாம்னு யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க, கை மாறி வந்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான், மீறினா அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில்.

இடம். மாமனார் மனசு பெருசு, ஆனா அது பூர்வீகச் சொத்தா, அவரே சம்பாதிச்சு வாங்கினதான்னு பாருங்க, பூர்வீகம்னா மத்த வாரிசுங்க கையெழுத்தும் வேணும். தானமா எழுத வேண்டாம், டிரஸ்ட் பேர்ல நீண்ட கால குத்தகை போடுங்க, ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகைய கட்டாயம் பதிவு பண்ணணும், வாய்ப்பேச்சு செல்லாது. கீத்துக் கொட்டகைய தயவு செஞ்சு மறந்துடுங்க. 2004 ஜூலை 16 கும்பகோணத்துல 94 குழந்தைங்க செத்தது கீத்துக் கூரையில பிடிச்ச தீயாலதான், நம்ம ஸ்டேட்ல ஸ்கூல் கட்டட விதியெல்லாம் இறுகினதுக்குப் பின்னாடி அந்தக் குழந்தைங்க இருக்காங்க. ஓடோ ஷீட்டோ போடுங்க, ரெண்டு பக்கம் வாசல் வைங்க, தோப்புக் கிணத்துக்குக் கம்பி மூடி போடுங்க, கட்டடத்துக்கு ஊராட்சி அனுமதி வாங்குங்க.

வீட்ல தங்க வைக்கறது இப்போ வேண்டவே வேண்டாம். பிள்ளைங்கள தங்க வச்சா 2014ம் வருஷத்து விடுதிகள், இல்லங்கள் சட்டப்படி கலெக்டர் உரிமம் வேணும், ஆதரவில்லாத பிள்ளைங்கன்னா இளைஞர் நீதிச் சட்டப் பதிவும் வேணும், அந்தப் பதிவு இல்லாம நடத்தினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலோ, 1 லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, ரெண்டுமோ கிடைக்கலாம். தூரத்துப் பிள்ளைங்களுக்கு சனி ஞாயிறு ஒரு வேன் வைங்க, அது போதும்.

கைவேலை கத்துக் குடுங்க, ஆனா பிள்ளைங்க செஞ்ச பொருள ஆர்டர் எடுத்து வித்து மையத்துக்கு வருமானம் பாக்காதீங்க, 14 வயசுக்குக் கீழ இருந்தா குழந்தைத் தொழிலாளர் சட்டப் பிரச்சனையா மாறும். வர்ற தன்னார்வலர் யாரா இருந்தாலும் அடையாள நகல் வாங்கி, போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்டு, எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோட மூடின அறையில தனியா இருக்கக் கூடாதுன்னு விதி போடுங்க. போக்சோ சட்டப்படி ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்திருக்குன்னு தெரிஞ்சா போலீஸ்ல சொல்லியே ஆகணும், ஊர்ப் பெரியவங்கள வச்சுப் பேசி முடிக்கறதுக்கு இடமே இல்ல, கீழ வேலை பாக்கறவர் பண்ணினத மறைச்ச பொறுப்பாளருக்கு ஒரு வருஷம் வரைக்கும் தண்டனை. 1098ங்கற குழந்தைகள் உதவி நம்பர பிள்ளைங்க கண்ணுல படற மாதிரி பெருசா எழுதி வைங்க. நன்கொடையாளருக்கு அனுப்பற ஃபோட்டோவுக்கு பெற்றோர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்குங்க.

உங்க கொழுந்தனார் விஷயத்துல ஒரு சிக்கல் இருக்கு. கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 28 ஆசிரியர்கள் தனியா டியூஷன் எடுக்கறதயும் தனிப்பட்ட முறையில கத்துக் குடுக்கறதயும் தடுக்குது, அதனால காசு வாங்காம வந்தாலும் துறையில எழுத்துல அனுமதி வாங்காம வகுப்புல நிக்க வைக்காதீங்க, டிரஸ்டியாவும் போடாதீங்க. நிலத்தோட பட்டா, மூல பத்திரம், வில்லங்கச் சான்று மூணையும் எடுத்துட்டு, உங்க மாவட்டத்துல டிரஸ்ட் வேலை தெரிஞ்ச ஒரு வக்கீலையும் ஆடிட்டரையும் ஒரே நாள்ல சேர்த்து உக்கார வச்சு டீட் ட்ராஃப்ட காட்டுங்க, தனித்தனியா கேட்டா ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் மாத்தச் சொல்லுவார்.